பதினான்கு கொட்டாவி

காலை ஒன்பதரை மணிக்குத் தூங்கியே தீர வேண்டும் என்று அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவள் அம்மா. அதற்குக் கட்டுப்பட வேண்டியவளுக்கு வயது ஒன்றே கால். அந்த ஒன்றே கால் வயதுக்காரி ஒரு திங்கட்கிழமை முதல் சட்டத்தை மதிக்காமல் போனாள். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

அம்மாவுக்குக் குரல்தான் தொழில். பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் ஒலி நூலகம் ஒன்றில் ஆறு வருஷம் வாசித்தவள். அங்கே அவளுக்குக் குரல்காரி என்று பெயர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். அதற்குப் பிறகு "ஆ காட்டு", "வாயில போடாதே", "தொடாதே, சுடும்" என்பவற்றைத் தாண்டி அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. சில நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, பல் துலக்கும் பற்பசையின் அட்டையில் இருப்பதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துப் பார்ப்பாள். குரல் இருக்கிறதா, துருப்பிடித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

அப்படி இருந்தவளை ஒலி நூலகத்தில் கூப்பிட்டு ஒரு தடித்த நாவலைக் கொடுத்தார்கள். இருபத்தெட்டு அத்தியாயம், ஆறு வாரக் கெடு. வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பலாம். நேரத்துக்கு வந்தால் அடுத்த புத்தகமும் அவளுக்கு. வரவில்லையென்றால் பாதியில் வேறு குரலுக்குப் போய்விடும். கேட்பவர்கள் பாதிக் கதையோடு காத்திருக்க முடியாதல்லவா. குரல்காரி தலையை ஆட்டி ஒப்புக்கொண்டு, வீட்டுக்கு வந்து, சாமான் அறையிலிருந்த இரண்டு பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மேஜையாக்கினாள். சுவர் முழுக்கக் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டாள். எதிரொலி போயிற்று. கூடவே காற்றும் போயிற்று. ஒரு மணி நேரம் அதற்குள் உட்கார்ந்து வெளியே வந்தால் இட்டிலிப் பானையிலிருந்து எடுத்த மாதிரி இருப்பாள். ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிறைவு இருக்கும்.

குழந்தைக்கு வீட்டில் சில்வண்டு என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. சில்வண்டு காலையில் ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம் தூங்குவாள். காலையில் பாதி அத்தியாயம், மதியம் மீதிப் பாதி. இரண்டையும் ஒட்டி அனுப்பினால் நாளுக்கு ஒன்று. பத்து நாள் கணக்குப் பிசகாமல் ஓடியது. ஞாயிறு இரண்டும் போக எட்டு அத்தியாயம் போய்ச் சேர்ந்தது. குரல்காரிக்குத் தரையில் கால் பாவவில்லை.

பதினோராம் நாள்தான் அந்தத் திங்கட்கிழமை. ஒன்பதரைக்குக் கட்டிலில் விட்டதும் சில்வண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். படுக்க வைத்தாள், எழுந்தாள். தட்டிக் கொடுத்தாள், சிரித்தாள். பாட்டுப் பாடினாள், கூடவே பாடினாள். கடைசியில் பத்தே முக்காலுக்குப் போனால் போகிறதென்று கண்ணை மூடினாள். ஜெயித்துவிட்டோம் என்று குரல்காரி நினைத்தாள். காலைத் தூக்கத்தை ஜெயித்தவள் மதியத் தூக்கத்தில் தோற்றாள். நான்கு மணி வரைக்கும் கட்டிலில் குட்டிக்கரணம், இரவு பத்தரை வரைக்கும் வீட்டில் ஊர்வலம். செவ்வாயும் அப்படியே. புதன் அதைவிட மோசம்.

"காலையில வேண்டாம்னு சொல்றாளோ என்னவோ" என்றார் புருஷன். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஏறுவது, இறங்குவது, நிற்பது என்றுதான் யோசிப்பார். "யாரும் ஏறாத மாடியில லிஃப்ட் தெனம் நின்னு கதவத் தொறந்து மூடிட்டு இருந்தா என்ன அர்த்தம்? அந்த மாடிய எடுத்துடலாம்னு அர்த்தம்."

"உங்களுக்கு என்ன, ஏழரைக்குக் கெளம்பிப் போயிடுவீங்க. அந்த மாடியிலதான் என் வேலை இருக்கு" என்றாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மனிதர் சட்டைப் பொத்தானைக் கவனமாகப் போட ஆரம்பித்தார்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். மூன்று பிள்ளை பெற்றவள், சந்தேகம் என்பதே அறியாதவள். "என் பசங்க மூணு பேரும் ரெண்டு வயசு வரைக்கும் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாங்க. நீ எடம் குடுக்கிறே, அதான் அவ ஆடுறா. விடாதே." குரல்காரிக்கு அந்த வார்த்தை தேனாக இனித்தது. நமக்கு வேண்டியதைச் சொல்கிறவர்கள்தானே நமக்கு விவரம் தெரிந்தவர்கள். புருஷனிடம் பெருமையாகச் சொன்னபோது அவர், "அக்காவா? மூணு பேருக்கும் சேத்து அந்த ஆறு வருஷம் அவ முழிச்சிருந்தாளான்னே எனக்குச் சந்தேகம்" என்றார்.

வியாழக்கிழமை நடந்ததுதான் தப்பு. குரல்காரி கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன ரெக்கார்டர் வைத்திருந்தாள். ஒன்பதேமுக்காலுக்குக் குழந்தை கண்ணை மூடியதுபோல் இருந்தது. ஒரு நிமிஷத்தையும் வீணாக்கக்கூடாதென்று, சாமான் அறைக்கு நடந்துகொண்டே பொத்தானை அழுத்திவிட்டாள். கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். திரும்பி ஓடினாள். கழுத்தில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்ததை அவள் கவனிக்கவில்லை. அன்று காலை சில்வண்டு தூங்கவே இல்லை. பிறகு பசியும் அசதியுமாக ஒரு மணிக்குச் சாய்ந்தாள். அந்த நேரத்தில் குரல்காரி ஒன்பதாம் அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தாள். ஒரே மூச்சு என்றால், முடியும்போது மூச்சே இல்லை. சாயங்காலம் குழந்தை இடுப்பில், ஒரு கையில் கரண்டி, மற்றொரு கையால் கணினியில் கோப்பை அனுப்பினாள். அன்றைய தேதியில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று நாற்பத்து மூன்று நிமிஷம், இன்னொன்று ஐம்பத்திரண்டு. ஒன்பது பெரிய அத்தியாயம் அல்லவா என்று நீளமானதை அனுப்பிவிட்டு, பருப்பைக் கிளறப் போனாள்.

ஒலி நூலகத்தில் வரும் பதிவையெல்லாம் கேட்டுப் பிழை குறிப்பவளுக்குப் பாம்புக் காது என்று பெயர். மூன்றாம் மாடியில் ஒரு பக்கம் கிழிந்த நாற்காலியில் நாள் முழுக்கக் காதில் ஹெட்போனோடு இருப்பாள். வாசிப்பவர் பக்கத்தைப் புரட்டியதா, எச்சில் விழுங்கியதா, நாற்காலி முனகியதா எல்லாம் அவளுக்குக் கேட்கும். நிமிஷம், விநாடி போட்டுப் பட்டியல் எழுதி அனுப்புவாள். கல்யாணம் ஆகாதவள். குழந்தைகளைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே உட்காருவாள். அவளிடமிருந்து வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பட்டியல் வந்தது. அப்போது குரல்காரி கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்து, குழந்தையைத் தட்டிக் கொடுத்தபடி இருந்தாள்.

"அத்தியாயம் 9. பிழைக் குறிப்பு" என்று வழக்கம்போலவே தலைப்பு.

"00.50 – கதவு கிரீச். எண்ணெய் விடவும்.

03.10 – வாசிப்பவர் பாடுகிறார். சுருதி இறங்குகிறது.

08.25 – இரண்டாவது குரல் நுழைகிறது. 'காக்கா' என்கிறது. உச்சரிப்பு தெளிவு.

11.40 – வாசிப்பவர் கொட்டாவி.

12.05 – மறுபடியும்.

19.30 – 'தூங்குடி, அம்மாவுக்கு வேலை இருக்கு.' இதே வாக்கியம் ஒன்பது இடங்களில். பிரதியில் இல்லை.

31.00 – வாசிப்பவர் குறட்டை, நாற்பது விநாடி. இரண்டாவது குரல் அவரை எழுப்புகிறது.

மொத்தம்: வாசிப்பவர் கொட்டாவி 14. குழந்தை கொட்டாவி 0.

முடிவு: பதிவை ஏற்க இயலாது. தூங்க வேண்டிய ஆள் மாறிவிட்டது."

குரல்காரிக்குக் காது வரைக்கும் சூடேறியது. உடனே போன் போட்டாள்.

"மேடம், அது தப்பான ஃபைல்."

"தெரியும். மூணாவது நிமிஷத்திலேயே தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு ஐம்பத்திரண்டு நிமிஷமும் கேட்டீங்க?"

"முழுசாக் கேக்காம நான் ரிப்போர்ட் எழுதுறதில்ல." பாம்புக் காது மேலும் சொன்னாள்: "அதோட, தூங்குமா தூங்காதான்னு தெரிஞ்சுக்காம எப்படிங்க நிறுத்துறது?"

குரல்காரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து குரல் தொடர்ந்தது.

"எனக்குக் குழந்தையப் பத்தி ஒண்ணும் தெரியாது. குரல் தெரியும். களைச்சுப் போனவங்க குரல் வாக்கியத்தோட கடைசியில விழுந்துடும், உங்களுக்கே தெரியும். உங்க குரல் பத்தாவது நிமிஷத்துல விழ ஆரம்பிச்சுது. அந்த ரெண்டாவது குரல் விழவே இல்ல. ஐம்பதாவது நிமிஷத்துலயும் எட்டாவது நிமிஷம் மாதிரியே கணீர்னு இருக்கு. தூக்கம் வர்றவங்க அப்படிப் பேச மாட்டாங்க."

ஆறு வருஷம் அந்த ஒரு விஷயத்தைக் காதில் வாங்கித்தான் குரல்காரி பிழைத்தாள். வாக்கியத்தின் வால் தொங்கினால் நிறுத்து, தண்ணீர் குடி, எழுந்து நட என்பது ஒலி நூலகத்தின் பாலபாடம். ஊரார் குரலிலெல்லாம் கேட்ட அந்தக் காது, பெற்ற பிள்ளையின் குரலில் மட்டும் கேட்காமல் இருந்திருக்கிறது. கேட்டால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

என்ன ஆகும் என்பதை அவளே வாய்விட்டுச் சொன்னாள். "காலைத் தூக்கம் போச்சுன்னா எனக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். அதுவும் எவ்வளவு நேரம்னு தெரியாது. கெடுவுக்குள்ள முடியலேன்னா…"

"முடியலேன்னா வேற குரலுக்குப் போகும். அது என் கையில இல்ல" என்றாள் பாம்புக் காது. பொய்யாக ஆறுதல் சொல்வது அவளுக்கு வராது. "சரியான ஒன்பத அனுப்புங்க."

அன்று மதியம் குழந்தை தூங்கிய பிறகு குரல்காரி பத்தாம் அத்தியாயத்தை எடுக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஐம்பத்திரண்டு நிமிஷத்தைக் கேட்டாள். தன் குரலை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். இப்படிக் கேட்டதில்லை. முதலில் கொஞ்சல், பிறகு கெஞ்சல், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு "தூங்குடி". அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ விளையாடக் கூப்பிட்ட மாதிரி, உற்சாகமாக ஒரு பதில். ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. ஒரு முறைகூடக் கோபம் இல்லை. குரல்காரிக்கு வெட்கமாக இருந்தது. தானாகக் கனியாததைத் தடி கொண்டு அடித்தால் கனியுமா என்பார்கள். அவளோ கனிந்து நின்ற ஒன்றைக் காயாகவே இரு என்று அடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வளர்ந்துவிட்டது. அம்மாவின் கணக்கில் அதற்கு இடமில்லாததால் வளராதே என்று ஐம்பத்திரண்டு நிமிஷம் பாட்டுப் பாடியிருக்கிறாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கட்டில் பக்கமே போகவில்லை. சில்வண்டைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடை வரைக்கும் நடந்தாள். காதை மட்டும் தீட்டி வைத்திருந்தாள். பத்து மணிக்கு நாயைப் பார்த்த கூச்சல், கணீர். பத்தரைக்கு வாளித் தண்ணீரில் அமளி, கணீர். பதினொன்று இருபதுக்கு "காக்கா" என்று ஆரம்பித்தது "கா" வில் நின்று, வால் தொங்கியது. வாக்கியமே தெரியாத குழந்தைக்கு வாக்கியத்தின் கடைசி விழுந்ததைக் குரல்காரி தெளிவாகக் கேட்டாள். அவசரமாகச் சோறு பிசைந்தாள். மூன்றாவது வாய்க்குத் தலை தட்டில் கவிழ்ந்தது. மூக்கில் தயிரோடு தூக்கிப்போய்ப் படுக்க வைத்தாள். ஐம்பது நிமிஷம்தான் தூங்கினாள். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருவரும் ஆளுக்கொரு மூலையில் அழுகிற நிலையில் இருந்தார்கள்.

ஒரே நாளில் எதுவும் ஒழுங்காகிவிடவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டைப் பதினொன்றுக்கே கொடுத்தாள். அதற்கடுத்த நாள் கால் மணி நேரம் தள்ளிப் போட்டாள். ஒரு நாள் இரவு மூக்கடைப்பு, தூக்கமில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கே குரல் விழுந்தது. சட்டம் மாறிவிட்டதே என்று அடம்பிடிக்காமல் அன்று காலையிலும் தூங்க விட்டாள். "எடுத்த மாடியில லிஃப்ட் மறுபடி நிக்குதே" என்றார் புருஷன். "ஆள் ஏறினா நிக்கணும்தானே" என்றாள். அவருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரவுத் தூக்கத்தை ஏழரைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று அவரும் வேலையிலிருந்து சீக்கிரம் வர ஆரம்பித்தார், குளிப்பாட்டுவது தன் பொறுப்பு என்றார். குழந்தையைவிட அவர்தான் அதிகம் நனைந்தார்.

முதல் வாரம் மூன்றே அத்தியாயம். முடித்த அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சாமான் அறைக் கதவில் பென்சிலால் போட்ட கோடுகளைக் குரல்காரி திரும்பத் திரும்ப எண்ணுவாள். புத்தகம் கையை விட்டுப் போய்விடும் என்றே முடிவு கட்டிவிட்டாள். நாவலில் வரும் ஆட்களையெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு ஒருத்தி வந்து அவர்களுக்கு வேறு குரல் கொடுப்பாள் என்று நினைத்தால் அவர்கள் பேசும் இடங்களை எடுத்துத் திரும்ப வாசித்துப் பார்ப்பாள். ஆனாலும் ஒன்பதரைக்குக் கட்டில் பக்கம் அவள் போகவில்லை. ஒரு நாள் போகலாமா என்று எழுந்தாள். குழந்தை ஒரு செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் வாரம் ஐந்து. தூக்கம் பன்னிரண்டுக்குப் போய், பன்னிரண்டரைக்குப் போய் நின்றது. நீளமும் கூடியது. ஒன்றரை மணி நேரம், ஒன்றே முக்கால், ஒரு நாள் திடீரென்று இரண்டரை. அன்று குரல்காரி ஒரு அத்தியாயம் முடித்து, எட்டிப் பார்த்து, நம்பாமல் மூக்கின் கீழே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்து, திரும்பிப் போய் இன்னொன்றையும் படித்தாள். பாதியில் எழுந்து ஓடாமல், இரண்டு துண்டை ஒட்டாமல், ஒரு கதையின் ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து போவது எப்படி இருக்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். பாம்புக் காதின் பட்டியலில் அன்று இரண்டே வரி. "பிழை ஒன்று. 22.14, வயிறு கூப்பிடுகிறது. சாப்பிட்டுவிட்டு வாசிக்கவும்."

நாத்தனார் போன் செய்து, "என்ன, ரெண்டு வேளையும் தூங்குறாளா?" என்று கேட்டாள். "ஒரு வேளைதான் அண்ணி. ரெண்டு வேளைக்கும் சேத்துத் தூங்குறா" என்றாள். "நான் அப்பவே சொன்னேனே" என்றாள் நாத்தனார். எதைச் சொன்னாள் என்று குரல்காரி கேட்கவில்லை. வைத்த போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

அதன் பிறகு நாளுக்கு ஒன்று என்று ஓடி, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் இருபத்தெட்டாம் அத்தியாயம். பன்னிரண்டரைக்குச் சில்வண்டு தூங்கினாள். பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் குரல்காரி கம்பளிக்குள் நுழைந்தாள். கடைசிப் பக்கத்தில் குரல் கொஞ்சம் நடுங்கியது. திருத்திப் படிக்கவில்லை, நடுங்க வேண்டிய இடம்தான். "முற்றும்" என்று சொல்லி, பத்து விநாடி மௌனம் விட்டு, பொத்தானை அணைத்தாள். கோப்பின் பெயரை மூன்று முறை சரிபார்த்து அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் பாம்புக் காது போன் செய்து, "வந்துடுச்சு. அடுத்த புத்தகம் நானூறு பக்கம், உங்களுக்குத்தான்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

மணி ஒன்று ஐம்பது. வேலை ஒன்றும் பாக்கியில்லை. குரல்காரி முகம் கழுவினாள். டீ போட்டுக் குடித்தாள். இத்தனை நாள் இந்த அமைதிக்காகத்தான் தலைகீழாக நின்றாள். இப்போது அமைதி கூடம் முழுக்கக் கிடந்தது. ஐந்து நிமிஷம் அதை அனுபவித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல சேதி கிடைத்த கையோடு தூக்கிச் சுற்ற ஆளில்லையே என்றும் இருந்தது. புருஷனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"அடிச்சுட்டியே. சரி, வாலு எங்க?"

"இன்னும் எழுந்திருக்கல."

"நல்லதுதானே."

"நல்லதுதான்" என்றாள் குரல்காரி.

போனை வைத்துவிட்டு மெதுவாக உள்ளே போனாள். சில்வண்டு குப்புறப் படுத்து, ஒரு கன்னம் நசுங்கி, உலகமே தன்னுடையது என்பதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் கட்டிலின் அடிக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. போன மாதம் அவ்வளவு தூரம் எட்டியதாக அவளுக்கு நினைவில்லை. குரல்காரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து போய் ஜன்னல் திரையை இரண்டு விரல் அளவுக்கு விலக்கினாள். அதுவும் போதவில்லை. முழுவதையும் விலக்கினாள்.